சாளையா, களவாவா: வளர்ச்சியும் ஆயுளும்

திருநெல்வேலி மாவட்டத்தின் உவரி, கூட்டப்புளிக் கரைகளில் இறங்கும் மீன்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். சாளைக்கு எல்லாமே அவசரம். ஓராண்டுக்குள் ஏறக்குறைய 15 செ.மீ. வளர்ந்து சினைக்குத் தயாராகிவிடும். இரண்டரை, மூன்று ஆண்டுகளில் ஆயுள் முடிந்துவிடும். பாறை இடுக்கில் கிடக்கும் களவாவோ நிதானம். பெரிய இனங்கள் 20 ஆண்டுகளைத் தாண்டியும் வாழும். பல களவா இனங்கள் பெண்ணாக முதிர்ந்து, வயதும் உடலும் கூடிய பின்பே ஆணாக மாறுகின்றன.

வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தலையைப் பிளந்தால் மூளையை ஒட்டி வெள்ளையாகச் செவிக்கல் இருக்கும். அதை மெல்லிய சீவலாகத் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், மரத்தில் தெரிவது போன்ற வளையங்கள் தெரியும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை கிராம் கூடுகிறது என்று பார்த்தால் களவாதான் முந்தும். இங்கே வேகம் என்பது, தன் முழு அளவை எவ்வளவு சீக்கிரம் எட்டுகிறது என்பதே. இந்த வேகம் கூடினால் இயற்கைச் சாவும் கூடும் என்பதை 1959இல் மீன்வள அறிஞர்கள் பெவர்ட்டனும் ஹோல்ட்டும் காட்டினார்கள். 1980இல் இன்னொரு மீன்வள அறிஞர் டேனியல் பாலி 175 மீன் கூட்டங்களை ஆராய்ந்து, அந்தக் கணக்கில் கடல்நீரின் வெப்பத்தையும் சேர்த்தார்.

அப்படியானால் வேகம்தான் கொல்கிறதா? பெரும்பகுதி விடை மறுதிசையில் இருக்கிறது: சாவு அருகில் இருப்பதால்தான் வேகம். சூரையும் சீலாவும் துரத்தும் கடலில், நாளைக்கு என்று ஒத்திப்போடும் சாளைக்கு வாரிசே இராது. ஆனால் உடலும் விலை கொடுக்கிறது. ஸ்டிக்கில்பேக் என்ற சிறு மீனின் இளம்பருவத்தில் நீரின் வெப்பத்தைச் சில வாரம் மாற்றி நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. பின்தங்கிய வளர்ச்சியை ஈடுகட்ட விரைந்து வளர்ந்தவற்றின் ஆயுள் சுமார் 15 சதவீதம் குறைந்தது. வேகம் தணிந்தவை, இயல்பாக வளர்ந்தவற்றைவிட 30 சதவீதம் கூடுதலாக வாழ்ந்தன. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த ஆய்வுதான்.

வலை என்று வந்தால் என் ஓட்டு சாளைக்கே. கடல் ஒத்துழைத்தால் சில ஆண்டுகளில் அது மீண்டுவிடும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விதிக்கப்படும் 61 நாள் மீன்பிடித் தடை களவாவுக்குப் போதாது. முதல் சினைக்கே அதற்குச் சில ஆண்டுகள் வேண்டும். பெரியவற்றையே பிடித்துத் தீர்த்தால் ஆண் மீன்கள் அற்றுப்போகும். வாரக் குழம்புக்குச் சாளை வாங்குங்கள். குட்டிக் களவாவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.