ஆர்க்காடு 2: 17.21 காரட் கல்லும் அதன் காகிதமும்

2019 ஜூனில் கிறிஸ்டீஸின் நியூயார்க் ஏலத்தில், கத்தார் அரச குடும்பத்தின் அல்-தானி சேகரிப்பிலிருந்து வந்த ‘ஆர்க்காடு 2’ என்ற வைரம் 33.75 லட்சம் டாலருக்குப் போனது. பேரிக்காய் வடிவம், 17.21 காரட், டி நிறம் (நிறமே இல்லாத உச்சத் தரம்), உள்ளே மாசே கிடையாது, டைப் 2ஏ (நைட்ரஜன் இல்லாத வகை). கணக்குப் போட்டால் காரட்டுக்கு ஏறத்தாழ 1.96 லட்சம் டாலர். இதில் ஒரு பங்கு கல்லுக்கு, ஒரு பங்கு பேருக்கு. பேருக்கான பங்கு நியாயமா?

காகிதத்தில், அதாவது கல் யார் யார் கைக்கு மாறியது என்ற பதிவில், குறை சொல்ல அதிகம் இல்லை. ஆர்க்காடு நவாப் முகம்மது அலி வாலாஜா இதை இங்கிலாந்து ராணி சார்லட்டுக்குக் கொடுத்தார் (கடனில் கழுத்தளவு மூழ்கியிருந்த நவாப் அவர்!). 1818இல் ராணி இறந்தபோது உயிலில் மகள்கள் பெயர் இருந்தது. ஆனால் நகை மகன் நான்காம் ஜார்ஜிடம் போனது. 1837இல் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஆங்கிலப் பிரபுக் குடும்பம் வாங்கியது. 1930இல் பாரிஸ் நகைக்கடை லாக்லோஷ் செய்த தலைமுடி அணியில் ஆர்க்காடு 1, 2 என்ற ஜோடிக் கற்கள் இரண்டையும் பதித்தார்கள். 1959இல் அந்த அணியை ஏலத்தில் 1,10,000 பவுண்டுக்கு நியூயார்க் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன் எடுத்தார்.

சிக்கல் அதற்கப்புறம்தான். அணியில் இருந்தபோது 23.65 காரட். வின்ஸ்டன் பட்டை தீட்டி 18.85 ஆக்கினார். பிறகு இன்னொரு முறை தீட்டி 17.21. மொத்தம் 6.44 காரட், அதாவது 27 சதவீதம், தூளாகப் போய்விட்டது. தரம் ஏறியது உண்மை. ஆனால் நவாப் கொடுத்த பட்டை இப்போது அப்படியே இல்லை. பழைய படத்தோடு வைத்து ஒப்பிட வழியில்லை. வழக்கமாக உள்ளே இருக்கும் புள்ளி, கீறல்தான் ஒரு கல்லின் கைரேகை. மாசே இல்லாத கல்லுக்கு அந்தக் கைரேகையும் கிடையாது. ஆக இதுதான் அந்தக் கல் என்பதற்கு, தீட்டிய பட்டறையின் எடைப் பதிவுதான் முக்கிய சாட்சி. இதே மாதிரி எந்த அரச வைரத்தை வாங்கினாலும், தீட்டுவதற்கு முன்னும் பின்னுமான எடையைத் தேதியோடு எழுத்தில் கேளுங்கள். இந்த விஷயத்தில், கொஞ்சம் மாசுள்ள, மறுபடி தீட்டாத பழைய கல்லே மேல்.

எடையில் இன்னொரு கண்ணி உண்டு. 1914க்கு முந்தைய ஆங்கிலக் காரட் சுமார் 205 மில்லிகிராம், இப்போது 200. அப்போது 23 காரட் என்று எழுதியிருந்தால் இன்றைய தராசில் 23.6 வரும். பழைய பட்டியலும் புதிய சான்றிதழும் தசமத்தில்கூட மாறாமல் ஒத்துப்போனால், அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

தக்காணத்தின் பழைய வைரச் சுரங்கங்களைக் குறிக்கும் ‘கோல்கொண்டா’ என்ற சொல்லுக்கும் தனி விலை வைக்கிறார்கள். கவனம். டைப் 2ஏ என்றால் அளக்கும் அளவுக்கு நைட்ரஜன் இல்லை என்பது மட்டுமே பொருள். லெசோத்தோவின் லெட்செங்கிலும் தென்னாப்பிரிக்காவின் கல்லினன் சுரங்கத்திலும் அது கிடைக்கிறது. சிவிடி முறையில் (வாயுவிலிருந்து படிய வைத்து) வளர்த்த செயற்கை வைரமும் பெரும்பாலும் டைப் 2ஏதான். பழுப்புக் கல்லை அதிக அழுத்தத்திலும் சூட்டிலும் வெளுக்க வைப்பதும் இந்த வகையில் நடக்கிறது, அதனால் அந்தப் பரிசோதனை முடிவு சான்றிதழில் இருக்கிறதா பாருங்கள். எந்தச் சுரங்கத்தில் வெட்டியது என்று எந்த ஆய்வுக்கூடமும் கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. நம் ஊர் நகைக்கடையில் ‘ப்ளூ ஜாகர்’ என்கிறோமே, அதுவும் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கத்தின் பேர்தான். கடையில் இருக்கும் கல் அங்கிருந்தா வந்தது? ஆர்க்காடு 2இல் கோல்கொண்டா என்பதை நம்ப வைப்பது நவாபின் பேர்தான், ஆய்வு முடிவு அல்ல.

நகையாக, கல்லைப் பதித்த உலோகச் சட்டத்தோடு வந்தால் சரிபார்ப்பது எளிது. பாரிஸ் பிளாட்டினம் என்றால் 1912 முதல் நாய்த்தலை முத்திரை, 18 காரட் தங்கம் என்றால் 1838 முதல் கழுகுத்தலை. பத்து மடங்கு லென்ஸ் போதும். ஆர்க்காடு 2ஐ அதன் அணியிலிருந்து பிரித்தபோது அந்த வசதியும் போயிற்று.