சி.எஸ்.50: விரிவுரையைவிட வீட்டுப்பாடமே ஆசான்

வணிகவியல் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்கு வர விரும்பிய நான், முதலில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். ஆறு மாதம் பலகையில் இருந்ததைப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். நிரல் ஓடாதபோது ஆசிரியர் வந்து திருத்திக் கொடுத்துவிடுவார். ஏன் ஓடவில்லை என்பது மட்டும் கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. அதன்பின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வழங்கும் சி.எஸ்.50 என்ற கணினி அறிவியல் அறிமுகப் பாடத்தில் சேர்ந்து, ஓராண்டில் முடித்தேன். இன்று நிரலாளராகச் சம்பளம் வாங்கும் நிலையில் இருந்து அதை மதிப்பிடுகிறேன்.

2007 முதல் இப்பாடத்தை நடத்திவரும் பேராசிரியர் டேவிட் மாலனின் விரிவுரைகள் புகழ்பெற்றவை. தடித்த தொலைபேசிப் புத்தகத்தை நடுவில் பிரித்து, தேடும் பெயர் இல்லாத பாதியைக் கிழித்தெறிந்து, எஞ்சியதை மறுபடியும் பாதியாக்கி அவர் தேடலை விளக்குவதைப் பார்த்தவருக்கு, 1000 பக்கமானாலும் பத்துக் கிழிசலில் ஒரே பக்கமாகிவிடும் என்பது ஒருநாளும் மறக்காது. ஆயினும் விரிவுரைகளை மட்டும் பார்த்துவிட்டுப் பாடத்தை முடித்துவிட்டதாக எண்ணுபவர்கள் இதன் சாரத்தைத் தவறவிட்டவர்கள் என்றே சொல்வேன்.

தட்டச்சு செய்யாமலே நிரல் எழுத உதவும் ஸ்கிராட்ச்சில் வண்ணக் கட்டைகளை அடுக்கி விளையாட்டாகத் தொடங்கும் பாடம், அடுத்த வாரமே கணினியின் நினைவகத்தை நேரடியாகக் கையாள வைக்கும் சி என்ற கடினமான நிரல்மொழிக்குள் இறக்கிவிடுகிறது. அதைவிட எளிய மொழியான பைத்தான் ஆறாம் வாரத்தில்தான் வருகிறது. இந்த வரிசை தேவையற்ற சிரமம் என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்குக் காரணம் நான்காம் வாரத்தின் 'ரிகவர்' என்ற வீட்டுப்பாடம்.

நினைவக அட்டை ஒன்றின் நகலைக் கொடுத்து, அதில் அழிக்கப்பட்ட 50 புகைப்படங்களை மீட்கச் சொல்கிறார்கள். நகலை 512 பைட்டுத் துண்டுகளாகப் படித்துச் செல்ல வேண்டும். ஒரு துண்டின் தொடக்கத்தில் ஜேபெக் படத்துக்குரிய நான்கு பைட்டு அடையாளம் தென்பட்டால், அங்கே புதிய படம் தொடங்குகிறது. என் முதல் முயற்சியில் 50 கோப்புகளும் உருவாயின, ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் அளவும் சரியாக 512 பைட்டு என்பது கண்ணில் பட எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. அடையாளம் உள்ள துண்டை மட்டும் எழுதிவிட்டு, அதைத் தொடர்ந்து வந்தவற்றையெல்லாம் கைவிட்டிருந்தேன். என் பிழையை நானே தேடிக் கண்டுபிடித்த முதல் நாள் அது. இன்று அலுவலகத்தில் நாள்தோறும் செய்வதும் பெரும்பாலும் அந்த வேலையைத்தான்.

பாடத்தின் 'செக்50' கருவி எந்தச் சோதனையில் நிரல் தோற்றது என்று காட்டும், திருத்தித் தராது. கேள்வி கேட்டால் பதில் தரும், வாத்து வடிவிலான செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றும் உண்டு. அதுவும் விடையைச் சொல்லாமல் வழியை மட்டுமே காட்டும். சாட்ஜிபிடியிடம் விடை கேட்பது விதிப்படி தவறு. இந்தக் கண்டிப்பு மிகவும் சரியானது.

எனினும், இது வேலை வாங்கித் தரும் பயிற்சியன்று. பிறர் எழுதிய பெரிய நிரல்தொகுப்புக்குள் நுழைவதையும் குழுவாகச் சேர்ந்து எழுதுவதையும் நான் வேலைக்குச் சென்ற பிறகே கற்றேன். நேர்முகத் தேர்வுக்கும் தனியாகத் தயாராக வேண்டியிருந்தது. வீட்டுப்பாடங்களையும் இறுதித் திட்டத்தையும் முடித்தால் கட்டணமில்லாச் சான்றிதழ் கிடைக்கிறது. எட்எக்ஸ் தளத்தின் சரிபார்க்கப்பட்ட சான்றிதழுக்குத்தான் பணம். எனக்கு இலவசச் சான்றிதழே போதுமானதாக இருந்தது. நேர்முகத் தேர்வில் அதைப் பற்றி எவரும் கேட்கவில்லை. ஓடாத நிரல் ஒன்றைக் கொடுத்து, ஏன் ஓடவில்லை என்றுதான் கேட்டார்கள்.