கிரேட் லேக்ஸ் காம்பாக்ட் vs கொலராடோ காம்பாக்ட்: தண்ணிய எண்ணிப் பிரிக்கறதா, கோடு போட்டு நிறுத்தறதா?

அமெரிக்கால பல மாநிலம் சேர்ந்து தண்ணிக்கு ஒப்பந்தம் போட்டதுல ரெண்டு ரொம்ப பெருசு. ஒண்ணு 1922ல கையெழுத்தான கொலராடோ ஆத்து காம்பாக்ட், இன்னொண்ணு அமெரிக்கா-கனடா எல்லைல இருக்கற 5 பெரிய ஏரிகளுக்காக 2008ல அமலுக்கு வந்த கிரேட் லேக்ஸ் காம்பாக்ட். சேர்ற வழி ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஒவ்வொரு மாநில சட்டசபையும் அந்த வாசகத்தை அப்படியே சட்டமா பாஸ் பண்ணணும், நம்ம இஷ்டத்துக்கு ஒரு வரிய மாத்தினா செல்லாது, கடைசியில காங்கிரஸும் (அமெரிக்க நாடாளுமன்றம்) சம்மதிக்கணும். ஆனா உள்ள போய்ப் பாத்தா ரெண்டும் வேற வேற ரகம்.

முதல்ல கொலராடோ. சான்டா ஃபே பக்கத்துல 7 மாநிலத்து ஆளுங்க உக்காந்து, அப்ப வர்த்தக அமைச்சரா இருந்த ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில பேசி, ஆத்தை மேல் பகுதி கீழ் பகுதின்னு ரெண்டா வெட்டினாங்க. மேலுக்கு வருஷம் 75 லட்சம் ஏக்கர்-அடி (ஒரு ஏக்கர்ல ஒரு அடி உயரத்துக்கு நிக்கற தண்ணிதான் ஒரு ஏக்கர்-அடி), கீழுக்கு 75 லட்சம். அப்புறம் 1944ல மெக்சிகோவுக்கு 15 லட்சம் தர்றதா ஒரு ட்ரீட்டி. கூட்டிப் பாத்தா 165 லட்சம், பிரச்சனை என்னன்னா அவங்க கணக்கு எடுத்த வருஷங்கள் நல்ல மழை பெஞ்ச வருஷங்கள், 2000க்கு அப்புறம் ஆத்துல வர்ற தண்ணி சராசரியா 120 லட்சத்தை ஒட்டித்தான் இருக்கு. இல்லாத தண்ணிய பத்திரம் எழுதி பாகம் பிரிச்ச கதை. பழங்குடி மக்களுக்கு அந்த மேஜையில நாற்காலியே போடல, அவங்களுக்கு அமெரிக்க அரசு செய்யவேண்டிய கடமைய இது பாதிக்காதுன்னு ஒரு வரி எழுதிட்டு எழுந்துட்டாங்க.

கிரேட் லேக்ஸ்ல பாகமே கிடையாது. இங்க போட்டது ஒரு கோடு. எந்த நிலத்துல விழற மழை ஏரிக்கு வந்து சேருமோ அதுதான் பேசின், அதைத் தாண்டி தண்ணி வெளிய போகக்கூடாது, அவ்ளோதான். உலகத்துல மேற்பரப்புல கிடைக்கற நல்ல தண்ணில அஞ்சுல ஒரு பங்கு அந்த 5 ஏரிலதான் இருக்கு, அப்புறம் ஏன் இவ்ளோ கஞ்சத்தனம்னு தோணும். வருஷாவருஷம் புதுசா வந்து சேர்றது 1 சதவீதம்தான், மிச்சமெல்லாம் பனிப்பாறை உருகின காலத்துல இருந்து கெடக்கற மூலதனம், அதுல கைய வெச்சா திரும்ப வராது. 1998ல சுப்பீரியர் ஏரித் தண்ணிய கப்பல்ல ஆசியாவுக்கு ஏத்தி விக்க ஒரு கம்பெனிக்கு கனடாவோட ஒண்டாரியோ மாகாண அரசு பர்மிட் குடுத்துச்சு, வருஷம் 60 கோடி லிட்டர். ஊரே கத்தினதுல ரத்து ஆச்சு, ஆனா எல்லாருக்கும் தூக்கம் போச்சு, காம்பாக்ட் பேச்சு சூடு புடிச்சதே அங்க இருந்துதான்.

அதுக்கு முன்னாடி கையில என்ன இருந்துச்சு? 1986ல வந்த மத்திய சட்டம், எந்த ஒரு கவர்னரும் வேணாம்னு சொன்னா டைவர்ஷன் (பேசினைத் தாண்டி தண்ணி எடுத்துட்டுப் போறது) நின்னுடும். காரணம் சொல்ல வேண்டியதில்ல, அளவுகோல் எதுவும் இல்ல. 1992ல இண்டியானாவுல லோவெல்ங்கற சின்ன ஊர் கேட்டப்போ மிச்சிகன் வீட்டோ போட்டு முடிச்சுட்டாங்க. சுலபம்தான், ஆனா கோர்ட்ல இது நிக்குமான்னு வக்கீல்களுக்கே பயம். "எங்க தண்ணி, தரமாட்டோம்"னு மட்டும் சொன்னா ஒரு நாள் ஜட்ஜ் ஏன்னு கேப்பாரு இல்ல? காம்பாக்ட்ல அதுக்குத்தான் விதிமுறை எழுதினாங்க, வெளிய எடுத்தா சுத்தம் பண்ணி திருப்பி விடணும், வேற வழி இல்லன்னு நிரூபிக்கணும்னு.

எடுத்துக்காட்டுக்கு விஸ்கான்சின்ல வாகேஷா. மிச்சிகன் ஏரிக்கு 17 மைல்தான், ஆனா பேசின் கோட்டுக்கு அந்தப் பக்கம். கிணத்துத் தண்ணில ரேடியம். அந்த ஊர் இருக்கற கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கோட்டுமேல இருக்கறதால விதிவிலக்கு கேக்கலாம், காம்பாக்ட்ல இருக்கற 8 மாநிலமும் தலையாட்டணும். 2016ல ஒருமனதா ஓகே ஆச்சு, ஒரு நாளைக்கு 82 லட்சம் கேலன், யூஸ் பண்ணிட்டு ரூட் ஆறு வழியா ஏரிக்கே திருப்பி விடணும். 2023லதான் தண்ணியே வந்துச்சு.

இதுக்குப் பக்கத்துல சிகாகோவை வெச்சுப் பாருங்க, 1900ல ஆத்தையே திருப்பி விட்ட ஊரு. விநாடிக்கு 3,200 கன அடி, அதாவது வாகேஷா எடுக்கறது மாதிரி 250 மடங்கு, அதுல பெரும்பகுதி திரும்ப ஏரிக்கு வரவே வராது. அது சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல போய்ட்டிருக்கு, காம்பாக்ட் அதைத் தொடல. சிகாகோ இருக்கற இல்லினாய் மாநிலம் 2007லயே காம்பாக்ட் சட்டம் பாஸ் பண்ணதுல என்ன ஆச்சரியம், இழக்கறதுக்கு ஒண்ணும் இல்லையே.

இப்ப சேர்றதா வேணாமாங்கற கேள்வி. கொலராடோல அரிசோனா முறுக்கிக்கிட்டு நின்னுச்சு, 1934ல அணை கட்டறதைத் தடுக்க கவர்னர் மாநிலப் படையான நேஷனல் கார்டையே ஆத்தங்கரைக்கு அனுப்பினாரு, கடைசியில 1944லதான் சட்டசபை ஒப்புத்துக்கிச்சு. அதுக்குள்ள 1928லயே காங்கிரஸ் அரிசோனா இல்லாமலே காம்பாக்டை நடத்தறதுக்கு வழி பண்ணிடுச்சு. வெளிய நின்னதுல பெரிய லாபம் இல்ல, தனக்கு எவ்ளோன்னு தெரிய 1963 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரைக்கும் காத்திருந்துச்சு.

கிரேட் லேக்ஸ்ல அந்தக் கூத்து இல்ல. 2005 டிசம்பர்ல கவர்னர்கள் கையெழுத்து, 2007ல மினசோட்டா முதல் ஆளு, 2008 ஜூலைக்குள்ள 8 மாநிலமும் முடிஞ்சது, அக்டோபர்ல ஜனாதிபதி புஷ் கையெழுத்து. நடுவுல இழுத்தது விஸ்கான்சினும் ஒஹாயோவும். ஒஹாயோல சிலருக்கு நம்ம நிலத்துக்கு அடியில இருக்கற தண்ணி பொதுச்சொத்து ஆயிடுமோன்னு பயம், தனியா ஒரு அரசியல் சாசனத் திருத்தமே கொண்டு வந்து அதை சமாதானப்படுத்தினாங்க. ஒண்டாரியோவும் கியூபெக்கும் வேற நாட்டு மாகாணம்ங்கறதால காம்பாக்ட்ல சேர முடியாது, பக்கத்துலயே தனி ஒப்பந்தம், கருத்து சொல்லலாம், வாகேஷா மாதிரி விஷயத்துல ஓட்டு கிடையாது.

என் ஓட்டு கோட்டுக்குத்தான், எண்ணுக்கு இல்ல. வறட்சி வந்தா எண் பொய்யாயிடும், கோடு அங்கயே இருக்கும். ஆனா கிரேட் லேக்ஸ் காரங்க ரொம்ப பீத்திக்கவும் வேணாம். 20 லிட்டருக்குக் கீழ பாட்டில்ல அடைச்சா அது டைவர்ஷன் கணக்குலயே வராது, மாநிலம் பாத்து முடிவு பண்ணிக்கலாம். ஒரு லாரி நிறைய சின்ன பாட்டிலா போனா போகலாம், அதே தண்ணி டேங்கர்ல போனா குத்தம். கோட்டுக்கு உள்ள எவ்ளோ உறிஞ்சலாம்ங்கறதையும் அந்தந்த மாநிலத்துக்கே விட்டாச்சு, ஒஹாயோ 2012ல போட்ட சட்டத்துல ஈரி ஏரில இருந்து நேரா எடுத்தா நாளைக்கு 25 லட்சம் கேலன் வரைக்கும் பர்மிட்டே வேணாம்.