செக்கா, ட்ரான்ஸ்பரா? சின்னக் கடைக்காரரின் கணக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் கொப்பி, பைல், பிரிண்டர் மை விற்கும் கடை எங்களுடையது. சரக்கு எடுப்பது புறக்கோட்டையில், கொடுப்பது பாடசாலைகளுக்கும் ஒபிஸ்களுக்கும். காசு வாங்கும் விஷயத்தில் நான் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன். முடிந்தவரை செக் வேண்டாம், கணக்குக்கு நேரே போடுங்கள் என்றே கேட்கிறேன்.

செலவைப் பெரிதாகப் பார்க்கத் தேவையில்லை. ஒன்லைனில் அனுப்பச் சில பத்து ரூபாய் போகும், செக்புத்தகமும் சும்மா கிடைப்பதில்லை. வங்கி வரிசையில் நிற்கும் நேரமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என்னைத் திருப்பியது ஒரே கேள்வி: வந்த காசு எந்த நேரத்தில் என்னுடையதாகிறது?

செக் முறை முன்னைப்போல் மோசமில்லை, அதையும் சொல்லவேண்டும். 2006இல், வங்கிகளுக்கிடையே செக் தீர்க்கும் நிறுவனமான லங்காகிளியர் செக்கைப் படமாக அனுப்பித் தீர்க்கத் தொடங்கியபின், யாழ்ப்பாணத்துச் செக்கும் பம்பலப்பிட்டிச் செக்கும் ஒன்றுதான். இரண்டுக்கும் அடுத்த வேலைநாளில் காசு. ஆனால் அந்த ‘வேலைநாள்’ இருக்கிறதே! வெள்ளி பின்னேரம் நேரம் கடந்து போட்டால் அது திங்கள் போட்டதாகத்தான் கணக்கு, கைக்கு வருவது செவ்வாய். திங்கள் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை என்றால் புதன். வெசாக் வந்தால் இரண்டு நாள் பூட்டு, சித்திரை வருடப்பிறப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நாள் போவதைக்கூடப் பொறுக்கலாம். அந்த இடைவெளியில் கணக்கில் தொகை தெரியும், ஆனால் எடுக்க ஏலாது. அதை நம்பி மொத்தக் கடைக்கு நீங்கள் ஒரு செக் எழுதினால், உங்களுக்கு வந்தது திரும்பும்போது நீங்கள் எழுதியதும் திரும்பும். அவர் இன்னொருவருக்கு எழுதியிருப்பார். ஒருவர் கணக்கில் காசில்லாததற்கு மூன்று கடைக்காரர் வங்கிக்குத் தண்டம் கட்டுவார்கள். காசில்லை என்று தெரிந்தே செக் கொடுப்பது 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டப்படி குற்றம், சிறைக்கும் இடமுண்டு. ஆனாலும் நாலு பெட்டி ஏ4 பேப்பருக்காக, அடுத்த மாதமும் வாங்கப்போகிற வாடிக்கையாளரை எவர் நீதிமன்றத்துக்கு இழுப்பார்?

2015இல் வந்த சீஃப்ட்ஸ் (CEFTS), அதாவது வங்கிக்கு வங்கி உடனே காசு மாற்றும் முறை, இந்த இடைவெளியையே இல்லாமலாக்கிவிட்டது. போயாவோ ஞாயிறோ, ராத்திரி பத்து மணியோ, காசு உடனே விழும். விழுந்தால் விழுந்ததுதான், செக்கை நிறுத்துவதுபோல் அனுப்பியவர் வங்கிக்குச் சொல்லி நிறுத்த முடியாது. கடைக்காரருக்கு வேண்டியது இந்த உறுதிதான்.

அதே உறுதி நாங்கள் அனுப்பும்போது எங்களுக்கே எதிராகவும் திரும்பும். கணக்கு இலக்கத்தில் ஒன்று மாறி வேறொருவருக்குப் போனால், திரும்ப எடுப்பது பெரும்பாடு. ‘அனுப்பிட்டேன்’ என்று வட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷொட்டையும் நம்பக்கூடாது, அதைத் திருத்துவது பெரிய வித்தையில்லை. என் கணக்கில் விழுந்ததைப் பார்த்தபிறகே சரக்கை ஏற்றுகிறேன்.

இவ்வளவு சொல்லியும் செக்புத்தகம் என் லாச்சியில்தான் இருக்கிறது. மொத்த வியாபாரி நாற்பத்தைந்து நாள், அறுபது நாள் தவணைக்குச் சரக்குக் கொடுப்பது தவணை முடியும் திகதி போட்ட செக்கை நம்பித்தான். ‘தம்பி, செக்கைத் தந்திட்டு ஏத்துங்க’ என்றால் வேறு பிணை கேட்கமாட்டார். அப்போது அது காசு கட்டும் துண்டு இல்லை, கடன் பத்திரம். ட்ரான்ஸ்பரில் அதற்கு வழியே இல்லை. ஆகவே காசு வாங்குவதற்கு ட்ரான்ஸ்பர், தவணைக்குக் கொடுப்பதற்குச் செக் என்று ஓடுகிறது. இது நியாயமா என்று கேட்டால், முழுக்க நியாயமில்லைதான்.

பெரிய தொகைகளில் என் அனுபவம் மெல்லியது. ஆப்பில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு, கோடியில் புரள்பவர்களுக்கு இந்த அலசல் பொருந்தாமல் போகலாம்.

சில பாடசாலைகள் இரண்டு கையொப்பம் வைத்த செக் மட்டுமே தரும். மறுக்க முடியாது, காசு நிச்சயம் என்பதால் வாங்குகிறேன். வியாழனுக்கு முன் தாருங்கள் என்று மட்டும் கேட்டுப்பார்க்கிறேன். பெரும்பாலும் வெள்ளி பின்னேரம்தான் கூப்பிடுகிறார்கள்.