வவுனியாவில கோல்ஃப் பழக்குறன் எண்டு முழுக்காசும் முதலே கேக்கிற ஆளிட்ட கவனம்

பேர் சொல்லேல்ல. முகப்புத்தகத்தில விளம்பரம் போடுறவர், முழுக்காசையும் முதல்நாளே கட்டச் சொல்லுவார், ரசீது கேட்டா பிறகு பிறகு எண்டுவார். அந்தாள்தான்.

வன்னியில கோல்ஃபோ எண்டு சிரிக்கிறாக்கள் சிரியுங்கோ. எங்கட பக்கம் மைதானம் இல்லைதான், நாங்கள் போறது திருகோணமலை சீனக்குடாவில இருக்கிற விமானப்படையின்ர மைதானத்துக்கு. கனடா மச்சான் தன்ர அயன் செட்டை, அதுதான் பந்தடிக்கிற இரும்புத்தலை மட்டையளை, கிளிநொச்சியில எங்கட வீட்டில விட்டிட்டுப் போனவர், அதால வந்த ஆசை.

ஆள் வெளிநாட்டில சேர்ட்டிபிக்கேட் எடுத்தவராம், பிரேம் போட்டு மாட்டியிருக்கு, எந்தச் சங்கம் குடுத்தது எண்டு அதில ஒரு எழுத்தும் இல்லை. 40,000 ரூவா வாங்கினவர். வீட்டுக்குப் பின்னால சீமெந்து நிலம், மேல பச்சைக் கார்ப்பெட், முன்னுக்கு மீன்பிடி வலை. வலையில பிழை சொல்லமாட்டன், நல்ல வலை.

பிழை கார்ப்பெட்டிலதான். பந்துக்குப் பின்னால நிலத்தில அடிச்சாலும் அயன் கார்ப்பெட்டில வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தில படும், சத்தமும் நல்லா வரும், அவரும் "சூப்பர் தம்பி" எண்டுவார், பந்து எங்க போகுதெண்டு பாக்க ஏலாது ஏனெண்டா முன்னுக்கு வலை. அதோட 7ஆம் நம்பர் அயனுக்கும் பந்தை இடது குதிக்கு நேரா வைக்கச் சொல்லி, "பின்னங்காலில சாய்ஞ்சு கீழால அள்ளித் தூக்கும்" எண்டு பழக்கினவர். டீ எண்ட சின்ன முளையில பந்தை வைச்சு டிரைவர் எண்ட நீள மட்டையால அடிக்கேக்க மேல ஏறுற வீச்சில பந்தைப் பிடிக்கிறது சரி, அயனுக்கு அது எதிர்மாறு. 7ஆம் நம்பரில பந்தில படுற முகமே முப்பது பாகை அளவில சாய்ஞ்சுதான் இருக்கு, பந்தை எழுப்புறது அதின்ர வேலை, நாங்கள் தூக்கத் தேவையில்லை.

சீனக்குடாவில புல்லில அடிச்ச உடன தெரிஞ்சிட்டுது. மண்வெட்டியால கொத்தின மாதிரி பந்துக்குப் பின்னால மண் கிளம்புது, இல்லாட்டி பந்தின்ர தலையில பட்டு நிலத்தோட உருண்டு போகுது. மணிக்கட்டு வீங்கிப் போச்சு. அங்க பை தூக்குற அண்ணை ஒராள் பாத்திட்டு, "ஆரப்பா உமக்கு இப்பிடிப் பழக்கினது" எண்டு கேட்டிட்டு மணலில ஒரு கோடு கீறினார். கோடு ரெண்டு காலுக்கும் நடுவில, பந்து இல்லை, சும்மா வீசவேணும், மணல் கிளம்புற இடம் கோட்டிலயோ அதுக்கு முன்னுக்கோ இருக்கோணும். அடிக்கிற நேரம் பாரம் முன்னங்காலுக்கு வந்திருக்கோணும், கை பந்துக்குக் கொஞ்சம் முன்னுக்கு நிக்கோணும், முதல் பந்து பிறகுதான் மண். இவ்வளவுக்கும் அந்த அண்ணை ஒரு சதம் வாங்கேல்ல. மணலுக்கு எங்கட ஊரில என்ன பஞ்சம், வீட்டு வளவிலயே செய்யலாம்.

திரும்பி வந்து மிச்ச வகுப்புக் காசைக் கேட்டா, "தம்பி உமக்கு உடம்பு வளையுதில்லை, நான் என்ன செய்ய" எண்டார். பழக்கேக்க சூப்பர், காசு கேக்கேக்க உடம்பு வளையாது! இப்ப என்ர நம்பரை புளொக் பண்ணிப்போட்டார். இவரிட்ட ஆரும் காசு கட்டியிருந்தா, பாங்கில போட்ட துண்டு கையில இருந்தா, இன்பொக்சில வாங்கோ, பொலிசுக்குச் சேர்ந்து போவம்.