ரோபோவா, டாங்கியா, விமானமா: முதல் கிட் எதை வாங்கலாம்?

பார்சலைப் பிரித்ததும் ஆச்சி கேட்டது இதுதான்: "எய்யா, இம்புட்டு ரூவா குடுத்து ஒடஞ்ச சாமானையா வாங்கிட்டு வந்திருக்க?" சட்டம் சட்டமாகச் சாம்பல் நிற பிளாஸ்டிக் துண்டுகள். நறுக்கி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்தால் ஸ்பிட்ஃபயர் விமானம் வரும் என்றேன். "அதுக்கு முழுசாவே வாங்கியிருக்கலாம்லா?" என்றாள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

அதற்குப் பிறகு பாளையங்கோட்டை வீட்டு மச்சில் மூன்று வகையும் ஒட்டிப் பார்த்துவிட்டேன். பிளாஸ்டிக் மாடலில் இறங்க நினைப்பவர்கள் எதில் தொடங்குவது என்று கேட்கிறார்கள். மூன்றும் ஒரே பொழுதுபோக்கு மாதிரி தெரிந்தாலும் மூன்றுக்கும் வேண்டிய பொறுமை வேறு வேறு.

ரோபோ என்றால் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் போடும் 'கண்டம்' (Gundam) வரிசை, அதே பெயருள்ள ஜப்பானிய கார்ட்டூன் தொடரில் வரும் ரோபோக்கள். 1980-இல் தொடங்கியது. கதைப்படி 18 மீட்டர் உயர ரோபோ, 1/144 அளவில், அதாவது நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி, பன்னிரண்டரை சென்டிமீட்டராக மேசையில் நிற்கும். இப்போது வருபவற்றுக்குப் பசை வேண்டாம், பெயிண்டும் கட்டாயமில்லை. துண்டுகள் அந்தந்த நிறத்திலேயே வார்க்கப்பட்டிருக்கும். நிப்பரால் (சின்ன வெட்டும் குறடு) நறுக்கி, அழுத்திச் சொருகினால் போதும். அவசரப்பட்டு முறுக்கி எடுத்தால் மட்டும் அந்த இடம் பால் நிறத்தில் வெளுத்துவிடும். அக்கா மகன் ஆடி மாதத்து கரண்ட் கட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டு, "மாமா, அடுத்தது எங்க?" என்றான். அதுதான் அதன் நல்லதும் கெட்டதும். வருத்தமே தராத வேலை எனக்குச் சீக்கிரம் மறந்துபோகிறது.

டாங்கி அப்படியில்லை. இந்தப் பக்கம் டமியாதான் பெரிய பெயர். ஜப்பானின் ஷிசுவோகா நகரில் மரம் அறுக்கும் தொழிலாக 1946-இல் ஆரம்பித்த கம்பெனி. டாங்கிகளுக்கு 1/35 என்ற விநோத அளவு எப்படி வந்தது தெரியுமா? 1960-களின் தொடக்கத்தில் அவர்கள் போட்ட பாந்தர் என்ற ஜெர்மன் டாங்கி மாடலுக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டியிருந்தது. அடங்கும்படி செய்தபோது கணக்கு ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒன்றாக வந்தது. பிறகு உலகமே அந்த அளவைப் பிடித்துக்கொண்டது.

டாங்கியில் சலிப்பு தருவது சக்கரங்கள். ஒவ்வொன்றையும் நறுக்கி, ஓரத்துப் பிசிறை உப்புத்தாளில் தேய்த்து, அடுத்ததை எடுத்து... பாதியில் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவேன். ஆனால் டாங்கி தப்பை மன்னிக்கும். இடுக்கு தெரிகிறதா? சேறு பூசு. பெயிண்ட் திட்டாக விழுந்ததா? புழுதி அடி. திசையன்விளைக்குப் போனபோது தேரிக்காட்டுச் செம்மண் ஒரு பிடி எடுத்து வந்தேன். பழைய வேட்டித் துணியில் இரண்டு தரம் சலித்தால் முகப் பவுடர் மாதிரி இறங்கும். அதைக் காய்ந்த தூரிகையால் சக்கரத்தைச் சுற்றித் தட்டிவிட்டால், கடையில் வாங்கும் நிறப்பொடி எதுவும் பக்கத்தில் வராது. என் கண்ணுக்கு அப்படித்தான் படுகிறது.

விமானத்துக்குச் சேறு பூச முடியாது. உடம்பின் இரண்டு பாதிகள் சேரும் கோடு, இறக்கை வந்து உட்காரும் இடுக்கு, எல்லாம் வெளிச்சத்தில் நிற்கும். டிங்கர் பட்டறையில் காருக்குப் பட்டி பார்ப்பது போலவே இங்கேயும் பட்டி வைத்து, தேய்த்து, மறுபடி வைக்க வேண்டும். பெட்டிப் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். படம் புதிதாக இருக்கும், உள்ளே அச்சு நாற்பது வருடப் பழசாக இருக்கலாம். நான் வாங்கிய ஒன்றில் இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. எந்த வருடத்து அச்சு என்று விசாரித்து வாங்குவது நல்லது. 1971 போரில் ஸ்ரீநகருக்கு மேல் இந்திய விமானப்படையின் செகோன் ஓட்டிய 'நாட்' (Gnat) போர் விமானத்தைச் செய்ய ஆசைப்படுபவர்களும் கவனிக்க: ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் கிட் கம்பெனியின் நாட் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். அவர் ஓட்டியது ஒற்றை இருக்கை ரகம். அதைத் தனியாகத் தேட வேண்டும்.

அளவிலும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஸ்பிட்ஃபயர் 1/72-இல் இறக்கை நுனிக்கு நுனி பதினைந்தரை சென்டிமீட்டர், 1/48-இல் இருபத்து மூன்றரை. சின்னது விலை குறைவு, அலமாரியில் இடமும் மிச்சம். ஆனால் அதன் பாகங்கள் சாமணத்திலிருந்து தெறித்தால் மொசைக் தரையில் கண்ணுக்கே தெரியாது. ஓலைச் சொளவை மடியில் வைத்து அதற்குள்ளேயே வேலை பார்க்க ஆரம்பித்த பிறகுதான் தொலைவது குறைந்தது.

அப்புறம் நம்ம ஊர் வானிலை. டமியாவின் சாதாரண அக்ரிலிக் பெயிண்ட், தூரிகையில் அடித்தால் சித்திரை வெயிலில் இழுக்கும்போதே காய்ந்து, இரண்டாவது பூச்சு முதல் பூச்சையும் கிளப்பிக்கொண்டு வரும். எனாமல் பெயிண்ட் ஒரு நாள் எடுத்து நிதானமாகக் காய்ந்து தூரிகைத் தடம் இல்லாமல் படியும், ஆனால் அந்த ஒரு நாளுக்குள் ஆனிக் காற்று தெருப் புழுதியை அதில் ஒட்டிவிடும். அடித்த கையோடு எவர்சில்வர் டப்பாவால் மூடி வைத்துவிடுவேன். ஐப்பசி மழை ஈரத்தில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதீர்கள், பூச்சு வெள்ளை பூத்துவிடும்.

சரி, எதை வாங்குவது? பிள்ளைகளுக்கு ரோபோ. பெரியவர்களுக்கு முதல் இரண்டு மூன்று கிட்டும் டாங்கி, கண்ணை மூடிக்கொண்டு. விமானம் அதற்கு அப்புறம்.

நான் என்னவோ விமானத்தில்தான் தொடங்கினேன். மூன்று வாரம் வேலை செய்து, கடைசியில் விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடிக் கூண்டை ஒட்ட, கையில் இருந்த சூப்பர் க்ளூவைத் தொட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் அதன் ஆவி படிந்து கூண்டு முழுக்க மார்கழிப் பனி. உள்ளே மயிரிழைத் தூரிகையில் நான் வரைந்த மீட்டர்கள் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடித் துண்டுக்கு எப்போதும் வெள்ளை ஃபெவிகால்தான். காய்ந்தால் தெளிவாகிவிடும், தப்பினால் ஈரத்துணியில் துடைத்துக்கொள்ளலாம்.