யூனியன் பட்ஜெட் ஆப்: அந்த ஒரு பக்கத்துக்காகவே வச்சிருக்கேன்

போன மாசம் மச்சானுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். "வருமான வரி கட்டுற நாங்க நாலு பேருதான்டா நாட்டையே சுமக்குறோம், மத்தவனெல்லாம் ஓசில வண்டி ஓட்டுறான்"னு ஆரம்பிச்சுட்டான். வாயால பேசி அவன ஜெயிக்க முடியாது, அதனால ஃபோன்ல யூனியன் பட்ஜெட் ஆப்ப இறக்கினேன். 2021ல பேப்பரே இல்லாம முதல் தடவையா பட்ஜெட் போட்டப்போ விட்ட ஆப் இது. மத்திய அரசோடது, காசு கிடையாது, இதுல இருக்குற எல்லாமே பட்ஜெட் வெப்சைட்லயும் இருக்கு.

உள்ள போனா 14 வகை டாக்குமென்ட். பயந்துடாதீங்க, நேரா "பட்ஜெட் அட் எ கிளான்ஸ்"க்கு போங்க. அதுல ஒரு ரூபா எங்கேருந்து வருது, எங்க போகுதுன்னு ரெண்டு வட்டம் போட்டிருப்பாங்க. ஆப்ல உருப்படியான விஷயம்னா அதுதான்.

நான் காட்டினது 2025-26 வட்டம். ஒரு ரூபால வருமான வரி 22 பைசா, கம்பெனிங்க கட்டுற வரி 17, ஜிஎஸ்டி 18, கலால் 5, சுங்கம் 4. இதுல எல்லாத்தையும் விட பெருசு எது தெரியுமா, கடன், 24 பைசா! மச்சான் மூஞ்சியப் பாக்கணுமே. ஃபோன் ரீசார்ஜ் பண்ற எல்லாரும் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுறாங்க, வருமான வரி கட்டலன்னா வரியே கட்டலன்னு அர்த்தம் இல்லடான்னு அப்பதான் சொல்ல முடிஞ்சுது. அவன் உடனே "சரி, 22 பைசா எங்களோடதுதானே"ன்னான். அதுவும் உண்மைதான், அத விட்டுடுவோம்.

போற பக்கம்தான் சுவாரசியம். மாநிலங்களோட பங்கு 22, வட்டி 20, பாதுகாப்பு 8, மானியம் 6, பென்ஷன் 4, மீதி திட்டங்களுக்கும் மத்ததுக்கும். ஆனா டிவில ஒருத்தர் "செலவுல நாலுல ஒரு பங்கு வட்டிக்கே போகுது"ன்னு சொன்னாரே, இங்க 20 பைசாதானே இருக்குன்னு எனக்கு ஒரே குழப்பம். அரை மணி நேரம் கால்குலேட்டர வச்சு தட்டினதுக்கு அப்புறம்தான் வெளங்குச்சு. மொத்த செலவுன்னு போட்டிருக்குறது சுமார் 50.65 லட்சம் கோடி, வட்டி 12.76 லட்சம் கோடி, வகுத்தா 25 சதவீதம் வருது. வட்டத்துல மட்டும் மாநிலங்களுக்கு பிரிச்சுக் குடுக்குற 14.22 லட்சம் கோடியையும் சேத்து வகுக்குறாங்க, அதனால 20ஆ குறையுது. ரெண்டும் சரிதான், எத வச்சு வகுக்குறோம்ங்கறதுதான் வித்தியாசம். அடிக்குறிப்புல ஒரு வரி இருக்கு, ஆனா அத அக்கவுன்ட்ஸ் படிச்சவன்தான் புரிஞ்சுக்குவான்.

இன்னொன்னு செஸ். சம்பள ஸ்லிப் வாங்குறவங்களுக்கு தெரியும், வருமான வரி மேல 4 சதவீதம் ஹெல்த் அண்ட் எஜுகேஷன் செஸ்னு தனியா பிடிப்பாங்க. மாநிலத்துக்கு இதுல பங்கு கிடையாது. வட்டத்துல தேடுங்க, தனியா கண்ணுல படாது, வரியோட வரியா கலந்து கெடக்கும். மாநிலங்களுக்குன்னு பிரிக்கிற தொகைல தமிழ்நாட்டுக்கு 15ஆவது நிதிக்குழு குடுத்தது 4.079 சதவீதம், அதுவும் அந்தப் பக்கத்துல இல்ல. இதையெல்லாம் ஒரு பட்டன்ல காட்டியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

பெரிய குறை மொழி. இங்கிலீஷ், இந்தி ரெண்டுதான். நம்ம மாநில பட்ஜெட் உரைய தமிழ்லயே படிக்கிறோம், ஆனா இங்க "ரிவைஸ்டு எஸ்டிமேட்", "கேபிடல் ரெசிப்ட்ஸ்"னு வந்தா எங்க அம்மா என்ன பண்ணுவாங்க? அவங்களும்தான் ஜிஎஸ்டி கட்டுறாங்க.

அப்புறம் முக்கியமா ஒன்னு, இதுல தெரியுறது பெரும்பாலும் திட்டம்தான், நடந்தது இல்ல. நிஜமா செலவானது "ஆக்சுவல்ஸ்"னு அட்டவணைல ஒரு பத்தில இருக்கும், ஆனா 2025-26 பட்ஜெட்ல அந்தப் பத்தில இருந்தது 2023-24 கணக்கு. இந்த வருஷம் சொன்னத செஞ்சாங்களான்னு பாக்கணும்னா கன்ட்ரோலர் ஜெனரல் ஆஃப் அக்கவுன்ட்ஸ் சைட்ல மாசா மாசம் வர்ற கணக்கப் பாக்கணும், ஒழுங்கா நடந்துச்சான்னு தெரியணும்னா அரசு கணக்க தணிக்கை பண்ற சிஏஜியோட அறிக்கைக்கு காத்திருக்கணும். ஆப்ப தொறந்து எங்க தெரு ரோட்டுக்கு எவ்ளோன்னு தேடாதீங்க, அது மாநிலம், பஞ்சாயத்து, மாநகராட்சி கணக்குல இருக்கும், இங்க கிடைக்காது.

மத்தபடி தேடுறது, பெருசாக்கிப் பாக்குறது, டவுன்லோடு எல்லாம் இருக்கு. அடிப்படைல பிடிஎஃப் படிக்கிற ஆப்தான், ஒரு நம்பரத் தட்டினா அதுக்குள்ள இருக்குற செலவெல்லாம் விரியும்னு எதிர்பாக்காதீங்க.

5க்கு 3 குடுக்குறேன், அதுல ரெண்டரை அந்த ரெண்டு வட்டத்துக்கு. மச்சானும் இறக்கிட்டான், இப்ப அந்த 24 பைசா கடன வச்சு என்னைய கேள்வி கேக்குறான்.